பன்னிரண்டு வாரம்

வேப்பம்பட்டு நிலையத்தில் காலை வண்டிக்கு நிற்பவர்கள் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் முகம் பழகியவர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை செய்பவர்கள், பெரம்பூரில் இறங்கும் ரயில்வே ஊழியர்கள், பூக்கூடையோடு வரும் பெண்கள். 1988-இல் வக்கீலாகப் பதிவு செய்த நாள் முதல் நானும் அந்த நடைமேடையில்தான் நிற்கிறேன். என் கட்சிக்காரர்களில் பாதிப் பேர் சேம்பர் தேடி வந்தவர்கள் அல்லர். இங்கே, வண்டி வருவதற்குள் என்னைப் பிடித்தவர்கள்.

1994 ஐப்பசியில் அப்படிப் பிடித்தவர் ஓர் ஆயா. கையில் ஜவுளிக்கடைப் பை. அதற்குள் மடிப்பிலேயே கிழிந்துபோன காகிதங்கள். ரேஷன் கார்டு, மருமகளின் பிரசவச் சீட்டு, பேரனின் பள்ளிக்கூட மார்க் அட்டை, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய பதினோரு பி மெமோ.

"வருசா வருசம் அபராதம் கட்டிக்கினுதான சார் வரோம். இப்போ காலி பண்ணுன்னு சுவத்துல ஒட்டிட்டுப் போயிட்டாங்க. கட்டின பணத்துக்கு ஒண்ணும் கெடையாதா?"

புறம்போக்கில் குடியிருப்பவருக்கு 1905-ஆம் வருடத்து நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வருவாய்த் துறை கொடுக்கும் அபராதச் சீட்டுதான் பி மெமோ. 'நீ ஆக்கிரமிப்பாளன்' என்று சொல்லும் தாள். ஆனால் ஏழையின் கையில் 'நான் இந்த இடத்தில் இத்தனை வருடமாக இருக்கிறேன்' என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்த ஒரே சாட்சியும் அதுதான். அதை ஆயாவுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ஆனாலும் ஒரு சீட்டைக்கூட அவர் தொலைக்கவில்லை.

அன்று வியாழக்கிழமை. குடிசை அகற்றும் வண்டி பெரும்பாலும் சனிக்கிழமை காலையில்தான் வரும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். சனி, ஞாயிறு கோர்ட் கிடையாது. திங்கட்கிழமை நாங்கள் ஸ்டே கேட்டுப் போகும்போது அங்கே தரைதான் இருக்கும். வெள்ளிக்கிழமை அவசர வழக்காக லஞ்ச் மோஷன் சொல்லி அன்றே மனுவை எடுக்க வைத்தேன். வாழ்வுரிமை, அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் என்று இரவெல்லாம் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். நீதிபதி கேட்டது ஒரே ஒரு கேள்வி. "நோட்டீஸ் எந்தத் தேதியில் கிடைத்தது?"

தேதி என்னிடம் இல்லை. ஆயாவுக்கும் நினைவில்லை. நோட்டீஸ் எந்த முறையில் கொடுக்கப்பட்டது என்று அரசுத் தரப்பாலும் காட்ட முடியவில்லை. அதனால் தப்பித்தோம். ஆட்சேப மனு கொடுக்க வேண்டும், அதை அதிகாரி பன்னிரண்டு வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும், அதுவரை கை வைக்கக் கூடாது என்று உத்தரவானது. உத்தரவை ஆயாவிடம் படித்துச் சொன்னேன்.

"பன்னெண்டு வாரம் கழிச்சு?" என்றார்.

முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக ஏழைகளின் வழக்குகளைத்தான் நடத்தி வருகிறேன். வீடு, கூலி, சாப்பாடு, சிகிச்சை இவற்றுக்காக கோர்ட்டுக்குப் போனவர்களுக்கு உண்மையில் என்ன கிடைத்தது என்று இப்போது யாராவது கேட்டால் அந்த ஆயாவின் கேள்வியிலிருந்துதான் தொடங்குவேன். பெரும்பாலும் கிடைத்தது அவகாசம். அந்த அவகாசத்தில் நாங்கள் என்ன செய்தோம் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

நான் சட்டக் கல்லூரி மாணவனாக இருந்தது 1985-இல். உயர் நீதிமன்றத்தை ஒட்டி என்.எஸ்.சி. போஸ் சாலையில்தான் அப்போது கல்லூரி. (2018-இல் அதைப் பிரித்து ஒரு பகுதியை எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துப் பட்டரைபெரும்புதூருக்கே கொண்டுவந்துவிட்டார்கள். கோர்ட்டைப் பார்த்துக்கொண்டே படிக்கும் வாய்ப்பு இன்றைய பிள்ளைகளுக்கு இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.) அந்த ஜூலை 10-ஆம் தேதி ஓல்கா டெல்லிஸ் வழக்கில் தீர்ப்பு வந்தது. பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கு. பிழைப்புக்கு வழியில்லாமல் உயிர் வாழும் உரிமை என்று ஒன்று இருக்க முடியாது என்று ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். சென்னைக் குடிசைவாசிகளுக்காக, அப்போது வழக்கறிஞராக இருந்து பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியான கே.சந்துரு தொடுத்த வழக்கிலும் அன்றே தீர்ப்பு. மாணவர்கள் நாங்கள் கல்லூரி வாசலில் கூடிக் கொண்டாடினோம்.

மூன்று வருடம் கழித்து நான் சேர்ந்த சீனியர், எந்தத் தீர்ப்பைக் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கச் சொல்லுவார். அவர் சொன்னபடி ஓல்கா டெல்லிஸை மறுபடி எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். குடிசைகளை அகற்றலாம், ஆனால் மழைக்காலம் முடியும் வரை, அதாவது 1985 அக்டோபர் 31 வரை, அகற்றக் கூடாது. 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை பெற்றவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டும். வாழ்வுரிமை பற்றி அத்தனை அழகாகப் பேசிய தீர்ப்பில் மனுதாரர்களின் கையில் கடைசியாக மிஞ்சியது ஒரு தேதியும், அட்டை வைத்திருந்தவர்களுக்கு ஒரு நம்பிக்கையும்தான்.

அந்தத் தேதியை என் முதல் மனுக்களில் ஒன்றில் அப்படியே எழுதிவைத்தேன். சீனியர் பேனாவால் அடித்தார். "பம்பாயில அக்டோபர் கடைசியில மழை முடியும். நம்ம ஊர்ல அப்பதான்யா ஆரம்பிக்கும். பொங்கல் வரைக்கும்னு கேளு. பரீட்சை முடியற வரைக்கும்னு கேளு." பெரிய தீர்ப்பை நம் ஊர்த் தரையில் இறக்கும்போது மழையையும் பள்ளிக்கூடத்தையும் கூடவே கணக்கில் எடுக்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். இன்றும் என் மனுக்களில் அந்த இரண்டும் இருக்கும்.

கோர்ட் மட்டுமே ஏழைகளைக் காப்பாற்றிவிடும் என்று தமிழ்நாட்டில் தொழில் செய்கிற எந்த வக்கீலும் நம்ப முடியாது. 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வழிகாட்டு நெறிகள் அடிப்படை உரிமைகளுக்குக் கீழேதான் நிற்க வேண்டும் என்றது. அதை எதிர்த்து இங்கே தெருவில் நடந்த போராட்டம்தான் அதே வருடம் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்து 15-ஆம் பிரிவில் இடஒதுக்கீட்டுக்கு வழிசெய்யும் நான்காவது உட்பிரிவைச் சேர்க்க வைத்தது. அரசமைப்புச் சட்டத்தில் அந்த வரியை எழுதியது கோர்ட் அல்ல.

சாப்பாட்டு விஷயமும் அப்படித்தான். உணவு உரிமை வழக்கில், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படிக்கும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைத்த மதிய உணவு கொடுக்க வேண்டும் என்று 2001 நவம்பர் 28-இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. நான் பிறப்பதற்கு முன்பே காமராசர் ஆட்சியில் இங்கே மதிய உணவு வந்துவிட்டது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். எங்கள் ஊர்ப் பள்ளியில் தட்டோடு வரிசையில் உட்காரும் பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில்தான் மற்ற மாநில வக்கீல்கள் அதற்காக வாதாடிக்கொண்டிருந்தார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஓட்டு வாங்குகிறவர்கள் கொடுக்கத் தயாராக இருந்த இடத்தில் எங்களுக்கு வேலை குறைவாக இருந்தது. அவர்கள் கண்ணிலேயே படாத ஜனங்களிடத்தில்தான் எங்கள் வேலை முழுவதும் இருந்தது. அப்படிப்பட்டவர்களில் முதலில் வருபவர்கள் இருளர்கள்.

எங்களுக்குக் கிழக்கே செங்குன்றம் பக்கம் அரிசி ஆலைகள், வடக்கிலும் மேற்கிலும் செங்கல் சூளைகள். 2000-களின் தொடக்கத்தில் ஓர் அரிசி ஆலையிலிருந்து ஏழு இருளர் குடும்பங்களுக்காக ஆர்.டி.ஓ. என்கிற வருவாய்க் கோட்டாட்சியரின் விசாரணைக்குப் போனேன். மூவாயிரம், ஐயாயிரம் என்று கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் வாங்கிய அட்வான்ஸ். அதற்காக ராத்திரி நெல் அவித்து, பகலில் களத்தில் காயவைத்து, காலாலேயே நடந்து நடந்து கிளறிவிடும் வேலை. ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து கால் நீட்டியபோது உள்ளங்காலைப் பார்த்தேன். காய்ந்த ஏரித் தரை மாதிரி வெடித்திருந்தது. வெடிப்புக்குள் உமி.

ஆலைத் தரப்பு கேட்டது ஒன்றுதான். "பூட்டு போட்டமா? சங்கிலி போட்டமா? கேட் தொறந்துதான கெடக்கு?"

நான் கையில் வைத்திருந்தது 1982-இல் வந்த ஏசியாட் தொழிலாளர் வழக்கின் தீர்ப்பு. பசியும் வறுமையும்கூடக் கட்டாயம்தான், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்கினால் அது 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று நீதிபதி பகவதி எழுதிய பகுதி. முந்தின ராத்திரி அதைத் தமிழில் எழுதிக்கொண்டு போய் அங்கே படித்தேன். கோட்டாட்சியர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அந்த உள்ளங்கால்காரரைப் பார்த்து, "ஊர்த் திருவிழாவுக்குப் போவணும்னா என்னப்பா பண்ணுவ?" என்றார்.

"புள்ளைய வுட்டுட்டுப் போவோம் சாமி."

"எந்தப் புள்ளைய?"

"யாராச்சும் ஒண்ண. நாங்க திரும்பி வரணுமில்ல."

அறையில் யாரும் பேசவில்லை. கோட்டாட்சியர் எழுத ஆரம்பித்தார். நான் படித்த தீர்ப்பு அவருக்குச் சட்டத்தைக் கொடுத்தது. விஷயத்தைக் கொடுத்தது அந்தப் பதில். அதிகாரி நல்லவராக இருந்து, சரியான கேள்வியைக் கேட்டு, சட்டம் சொன்னதைச் செய்த அந்த ஒரு மத்தியானத்துக்காகவே இந்தத் தொழிலில் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

சாயங்காலம் விடுதலைச் சான்றிதழ்கள் கைக்கு வந்தன. 1976-ஆம் வருடத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி பழைய கடன் முழுவதும் ரத்து. அந்த மனிதருக்குப் படிக்கத் தெரியாது. "கடன் போச்சுன்னு எந்த எடத்துல எழுதியிருக்கு?" என்று கேட்டார். வரியைக் காட்டினேன். அதன்மேல் கட்டைவிரலை வைத்தார். வேனில் ஏறி உட்கார்ந்த பிறகும் விரலை எடுக்கவில்லை.

மறுவாழ்வுத் தொகை அப்போது ஆளுக்கு இருபதாயிரம் ரூபாய். அது வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் ஏழில் இரண்டு குடும்பங்கள் வேறொரு சூளையில் அட்வான்ஸ் வாங்கிவிட்டிருந்தன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடுவிப்பதற்கு ஓடிய நான், அடுத்த நாள் அவர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்பதற்கு ஓடவில்லை. 2016-இல் இந்தத் தொகையை ஒரு லட்சம், இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று மூன்று வகையாக உயர்த்தினார்கள். ஆனால் முதலாளிக்குத் தண்டனை கிடைத்தால்தான் முழுத் தொகை என்று முடிச்சுப் போட்டுவிட்டார்கள். உடனடியாகக் கிடைப்பது சிறு தொகை. கிரிமினல் வழக்கு முடிய எத்தனை வருடம் ஆகும் என்பது இதை எழுதியவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. இந்த முடிச்சு தவறு. அதை அவிழ்க்க வேண்டும்.

என்னை அதிகம் அலைக்கழித்தது நீர்நிலை வழக்குகள். 2005-இல் எல்.கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ஏரி, குளம், ஓடைகளைக் காப்பது அரசின் கடமை என்று உறுதியாகச் சொன்னது. 2007-இல் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2010-இல் டி.எஸ்.செந்தில்குமார் வழக்கில் அந்தச் சட்டம் செல்லும் என்ற கோர்ட், குடியிருப்பவர்களின் தரப்பைக் கேட்காமல் அகற்றக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. பிறகு 2015 டிசம்பர் வெள்ளம். ஆவடியிலிருந்து திருவள்ளூர் வரை ஏரிகளை நம்பி விளைந்த பூமி இது. அந்த ஏரிகளின் வரத்துக் கால்வாய்களை மனை போட்டு விற்றால் தண்ணீர் எங்கே போகும் என்பதை வீட்டுக்குள் முழங்கால் தண்ணீரில் நின்று எல்லோரும் தெரிந்துகொண்டோம்.

அடுத்த வருடம் ஓர் ஏரியைக் காக்க வேண்டும் என்ற வழக்குக்காக ஒரு குடியிருப்போர் சங்கம் என்னைத் தேடி வந்தது. அதே ஏரியின் கரையில் இருந்த நாற்பது சொச்சம் குடிசைக்காரர்கள் என் பழைய கட்சிக்காரர்கள். குடிநீரும் 21-ஆம் பிரிவுதான். குடியிருப்பும் அதே 21-ஆம் பிரிவுதான். நான் குடிசைக்காரர்கள் பக்கம் நின்றேன். ஏரி வேண்டாம் என்று வாதாட மாட்டேன் என்று அவர்களிடம் முதலிலேயே சொன்னேன். ஒரு பெரியவர், "ஏரி வோணும் சார். அதுல மீன் புடிச்சுதான் வளந்தோம். எங்களுக்கும் ஒரு எடம் வோணும், அவ்ளோதான்" என்றார். கரையில் இருக்கும் ஓலையை மட்டும் அளக்காமல் ஏரியின் நான்கு எல்லையையும் அளக்க வேண்டும், மாற்று வீடு கொடுத்த பிறகே அகற்ற வேண்டும், பள்ளி ஆண்டு முடிய வேண்டும் என்று மூன்றைக் கேட்டேன். மூன்றுக்கும் உத்தரவு கிடைத்தது.

பள்ளி ஆண்டு முடிந்த மறுவாரமே குடிசைகள் போயின. வீடு கொடுத்தார்கள், அடுக்குமாடியில், நகரத்தின் மறுகோடியில். கட்டடத்துக்குக் குறையில்லை. ஆனால் அம்பத்தூரில் வீட்டு வேலை பார்த்த பெண்கள் இரண்டு பஸ் மாறி வந்து போக முடியாமல் வேலையை விட்டார்கள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது பாதிப் பிள்ளைகளுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. ஏரியின் மற்ற மூன்று எல்லைகளை அளக்கும் வேலை நடந்துகொண்டே இருந்தது.

தவறு எங்கே என்று என் மனுவை எடுத்துப் பார்த்தேன். பிரேயரில் 'மாற்று வீடு' என்று எழுதியிருந்தேன். எத்தனை கிலோமீட்டருக்குள் என்று எழுதவில்லை. மனுவில் கேட்காததை எந்த நீதிபதியும் தாமாகக் கொடுக்க மாட்டார். இதை ஒரு ஜூனியருக்கு நூறு முறை சொல்லிக் கொடுத்த நான் எழுதவில்லை. அந்தப் பெண்களில் ஒருவர் நடைமேடையில் என்னைப் பார்த்து, "வூடு வாங்கிக் குடுத்தீங்க சார், வேலைதான் போச்சு" என்று கோபமில்லாமல் சொன்னார். ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பின் மையமே பிழைப்பு. அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டியே அவர்களுடைய பிழைப்பை நான் கோட்டைவிட்டிருந்தேன்.

இப்போது என் மனுக்களில் தூரம் இருக்கும். பள்ளிச் சேர்க்கை, ரேஷன் கடை மாற்றம், முதியோர் உதவித்தொகை மாற்றம் எல்லாம் தனித்தனி வரியாக இருக்கும். நீளமாக இருக்கிறது என்று ரிஜிஸ்ட்ரியில் சொல்வார்கள். இருக்கட்டும்.

தென்னாப்பிரிக்கா தன் அரசமைப்புச் சட்டத்திலேயே வீட்டுரிமையை எழுதிவைத்த நாடு. அங்கே கேப் டவுன் பக்கம் குடிசை இழந்த ஐரீன் க்ரூட்பூம் என்ற பெண்ணும் அவருடன் இருந்தவர்களும் போட்ட வழக்கில் 2000-ஆம் வருடம் வந்த தீர்ப்பை உலகெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். அவர் பெயராலேயே அழைக்கப்படும் அந்தத் தீர்ப்பு, இருக்க இடமே இல்லாதவர்களை அரசின் வீட்டுத் திட்டம் ஒதுக்கிவைப்பது செல்லாது என்றது. 2008-இல் ஐரீன் இறந்தபோது குடிசையில்தான் இருந்தார். அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் ஒரு தனி நோட்டுப் புத்தகம் போட்டேன். இடது பக்கம் உத்தரவு வந்த தேதி, வலது பக்கம் அது நிறைவேறிய தேதி. வலது பக்கத்தில் இன்றும் நிறைய வெற்றிடம் இருக்கிறது. பன்னிரண்டு வாரம் முடிகிற தேதியைச் சிவப்பு மையில் எழுதி, மறுநாளே நினைவூட்டுக் கடிதம், அதற்கும் பதில் இல்லையென்றால் கோர்ட் அவமதிப்பு மனு என்று போகத் தொடங்கினேன். வாதத்தில் ஜெயித்ததைவிட இந்த நோட்டால் ஜெயித்தவை அதிகம்.

1994-இல் வந்த ஆயாவின் பெயரை அந்த நோட்டில் நினைவிலிருந்து பின்னால் சேர்த்தேன். பன்னிரண்டு வாரத்தில் ஆட்சேபம் கொடுத்தோம். பதில் வரவில்லை. மறுபடி நோட்டீஸ், மறுபடி மனு, மறுபடி பன்னிரண்டு வாரம். இப்படியே வருடங்கள் ஓடின. அவர் குடியிருந்த இடம் நீர்நிலை அல்ல, ஆட்சேபணையற்ற புறம்போக்கு. அப்படிப்பட்ட இடங்களில் நெடுங்காலம் குடியிருப்போருக்கு வீட்டுமனைப் பட்டா வழங்க அரசு முடிவு செய்தபோது, குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். ஜவுளிக்கடைப் பை வெளியே வந்தது. பி மெமோக்கள் அதற்குள் பத்தொன்பதாக ஆகியிருந்தன. பட்டா மருமகள் பெயரில் வந்தது. மார்க் அட்டைப் பேரன் இப்போது ஆவடியில் வேலை பார்க்கிறார், காலையில் என்னோடு அதே வண்டியில் வருகிறார்.

போன மாதமும் ஒருவர் நடைமேடையில் நோட்டீஸை நீட்டினார். எப்போது வந்தது என்று கேட்டேன். யோசித்தார்.

இதைப் படிப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். உங்களுக்கோ, உங்கள் வீட்டில் வேலை செய்பவருக்கோ, தெருக்கோடியில் இருப்பவருக்கோ அரசு நோட்டீஸ் எதுவும் வந்தால், வாங்கிய தேதியை அதன் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். சுவரில் ஒட்டியிருந்தால் கிழிக்காமல் போட்டோ எடுங்கள். அபராத ரசீதுகூடப் பத்திரமாக இருக்கட்டும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் கொத்தடிமையாக இருந்தவர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவச வக்கீல் வைத்துக் கொடுக்க 1987-ஆம் வருடத்துச் சட்ட உதவிச் சட்டம் சொல்கிறது. எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் திருவள்ளூர், பூந்தமல்லி கோர்ட் வளாகங்களிலேயே அந்த உதவி கிடைக்கும். போனில் கேட்பதென்றால் 15100. சனிக்கிழமைக்கு முன்னால் கேளுங்கள்.